ஏலத்தில் எடுத்த வெள்ளி ரூபாய்: கைக்கு வந்ததும் என்ன பார்ப்பது?

நான் ஏலத்தில் எடுத்த முதல் நாணயம் 1903ஆம் ஆண்டு அடித்த ஏழாம் எட்வர்டு வெள்ளி ரூபாய். பட்டியலில் ‘எக்ஸ்எஃப்’, அதாவது தேய்மானம் மிகக் குறைவு, என்று போட்டிருந்தார்கள். படத்தில் பளபளவென்று இருந்தது. கூரியரில் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினேன். என் மாமியார் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்ம வெள்ளிச் சிமிழ் மாதிரியே இருக்கே, விபூதி போட்டுத் தேய்ச்சீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

நான் தேய்க்கவில்லை. ஆனால் யாரோ தேய்த்திருந்தார்கள். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தபோது ராஜாவின் கன்னத்திலும் அதைச் சுற்றியிருந்த வெற்றிடத்திலும் மயிரிழைக் கீறல்கள் வட்டவட்டமாக ஓடின. பிறகு அதை விற்கப் போனபோது கேட்ட விலை, நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறுதான் இது. ‘உருவம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது’ என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். அதைக் கடைசியில் பார்க்க வேண்டும். முதலில் அசலா என்று பாருங்கள், அடுத்து யாராவது கைவைத்துக் கெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதற்கப்புறம்தான் தேய்மானம். இந்த வரிசை மாறினால் கண் ஏமாந்துவிடும். நேர்மையாகத் தேய்ந்த ரூபாய்க்கு வாங்க ஆள் உண்டு. தேய்த்து மினுக்கிய ரூபாயை விவரம் தெரிந்தவர் தொடமாட்டார்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், 1911 முதல் 1922 வரை வந்தது. ஏலங்களில் புதியவர்கள் கைக்கு அதிகம் வருவது இதுதான். விக்டோரியா, எட்வர்டு ரூபாய்களுக்கும் இதே முறை பொருந்தும்.

கவரைப் பிரிக்கும்போதே

பார்சலைப் பிரிப்பதை கைபேசியில் காணொளியாக எடுத்துவிடுங்கள். பட்டியல் எண், உறை, நாணயத்தின் இரண்டு பக்கம் எல்லாம் அதில் தெரியட்டும். பின்னால் திருப்பி அனுப்ப நேர்ந்தால் ‘நீங்கள் மாற்றிவிட்டீர்கள்’ என்ற பேச்சு வராது.

மேசையில் ஒரு மெத்தென்ற துணியை விரித்து, அதற்கு மேலே பிடித்துப் பாருங்கள். கை நழுவினால் துணியில்தான் விழ வேண்டும், தரையில் அல்ல. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை மட்டும் பிடிக்கட்டும். விரல் ரேகை அன்று தெரியாது. ஆறு மாதம் கழித்து ராஜாவின் கன்னத்தில் கறுப்பாகத் தெரியும். நாணயத்துக்கு நேர் மேலே முகத்தை வைத்துப் பேசாமலிருப்பதும் நல்லது, எச்சில் துளியும் கறையாகும்.

தேவைப்படும் சாமான்கள் அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு. காலிப்பரை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். அதன் உலோக நுனி விளிம்பில் கீறிவிடும். பிளாஸ்டிக் காலிப்பர் போதும்.

அசல்தானா?

அன்றைய ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதுவேதான் ஒரு தோலா. பழைய வைத்தியக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வருவது இதைத்தான். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. விட்டம் 30.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே.

தராசில் 11.6க்குப் பக்கத்தில் காட்டினால் நல்லது. நிறையப் புழங்கிய ரூபாய் 11.5க்குக் கீழேயும் போகும், அதில் தப்பில்லை. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 2 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்த ரூபாய் செல்லாது என்று வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் சுமார் 11.43 கிராம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு வசதி இருக்கிறது. ராஜாவின் மீசை முடி தனித்தனியாகத் தெரிகிற நாணயம் 11.2 கிராம்தான் இருக்கிறது என்றால் ஏதோ இடிக்கிறது. எடை குறையுமளவு புழங்கியிருந்தால் மீசை அப்படி நிற்காது.

காந்தத்தில் வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. ஆனால் 1947ஆம் ஆண்டு ரூபாய், புலி போட்டது, அது ஒட்டும். அது நிக்கலில் அடித்தது. அதைப் போலி என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதன் நிறமும் தேயும் விதமும் வேறாக இருக்கும், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயோடு வைத்து ஒப்பிடக் கூடாது.

எடையும் காந்தமும் சரியாக இருந்தும் மனசு ஒப்பவில்லையென்றால் தண்ணீர்ச் சோதனை செய்யலாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. நல்ல ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் பக்கத்தில் காட்டும். 11.66ஐ 1.13ஆல் வகுத்தால் 10.3, அதுதான் இந்த வெள்ளியின் அடர்த்தி. வெள்ளைச் செம்புக் கலவையில் செய்த போலி அதே எடையில் இருந்தால் 1.3க்கு மேலே காட்டிவிடும். சோதனை முடிந்ததும் துணியால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் சுண்டிப் பார்த்து வாங்குவார்கள். வெள்ளியின் ஓசை நீளமாக, மணி போல இழையும். உங்கள் நாணயத்தைக் கல்லாவில் போட்டுப் பார்க்க வேண்டாம். விரல் நுனியில் கிடத்தி ஒரு பென்சிலால் மெல்லத் தட்டினாலே போதும்.

லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அச்சில் அடித்த எழுத்து தளத்திலிருந்து, அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத வெறும் பரப்பிலிருந்து, செங்குத்தாக, வெட்டினாற்போல் எழும்பி நிற்கும். வார்ப்பில் ஊற்றிய போலியில் எழுத்தோரங்கள் கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று இருக்கும். தளத்தில் ஊசிக்குழிகள் தெரியும். இதெல்லாம் சாதாரணப் போலிக்கு. சரியான வெள்ளியிலேயே அச்சடித்த போலியைத் தராசு பிடிக்காது. சந்தேகத்துக்கு இடமில்லாத நாணயத்தின் நல்ல படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதுதான் வழி. அரிய ஆண்டு என்றால், முதலில் ஆண்டின் இலக்கங்களைச் சந்தேகியுங்கள். 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. 1938இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியவை உலவுகின்றன. அந்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் தளம் வேறு நிறத்தில் இருக்கிறதா, சுரண்டினாற்போல் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளிம்பைச் சுற்றி ஒரு வலம்

ஏலப் பட்டியல்களில் பெரும்பாலும் இரண்டு படம்தான் போடுவார்கள். தலைப் பக்கம், பூப் பக்கம். நாணயத்துக்கு மூன்றாவது பக்கம் ஒன்று உண்டு, அதைப் படத்தில் பார்க்கவே முடியாது. ஏமாற்றம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

நம் ஊரில் வெள்ளி ரூபாய் செலவழிக்க மட்டுமா இருந்தது? காசு மாலையில் கோத்தார்கள், குழந்தைக்கு அரைஞாணில் கட்டினார்கள், சட்டைப் பொத்தானாகக்கூட ஆக்கினார்கள். அதற்காக விளிம்பில் ஒரு கொக்கியோ வளையமோ பற்றவைப்பார்கள். பிறகு நாணயத்துக்கு விலை வந்ததும் கொக்கியை எடுத்துவிட்டு, பற்றவைத்த இடத்தை அரத்தால் அராவி, சில சமயம் விளிம்பில் வரிசையாக இருக்கும் செங்குத்து வரிகளைக்கூட மறுபடி வெட்டிவிடுவார்கள். இப்படி நகையிலிருந்து கழற்றிய ரூபாய் எத்தனை அழகாக இருந்தாலும் சேதமடைந்த நாணயம்தான்.

கண்டுபிடிப்பது இப்படி. நாணயத்தை விளிம்பில் பிடித்து, லென்ஸை வைத்து, கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இடத்தில் ஆரம்பித்து மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ராஜாவின் தலைக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் கொக்கி இருந்திருக்கும், தொங்கும்போது முகம் நேராகத் தெரிய வேண்டுமே. அங்கே வரிகள் திடீரென்று நெருங்குகின்றனவா, அகலுகின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா? அந்த இடம் மட்டும் பளிச்சென்று, அல்லது சாம்பல் படிந்தாற்போல் வேறு நிறத்தில் இருக்கிறதா? மேல் வரம்பு, அதாவது முகப்பைச் சுற்றி மேடாக ஓடும் கரை, அங்கே ஒல்லியாகிறதா? பற்றவைத்த இடத்துக்கு அருகில் எழுத்துகள் லேசாக உருகியது போல் இருப்பதும் உண்டு, சூட்டினால் வந்தது. மாலையில் இரண்டு கண்ணி போட்டுக் கோத்திருந்தால் பத்து மணி, இரண்டு மணி இடங்களிலும் தேட வேண்டும். இந்த ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். நான் ஏலத்தில் எடுத்துத் திருப்பி அனுப்பிய நாணயங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்று நிமிடத்தில் மாட்டியவைதான்.

ஓட்டை போட்டு அடைத்தவையும் வரும். அடைத்த இடத்தில் எழுத்தோ முத்து வரிசையோ கொஞ்சம் கோணலாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தைப் பாருங்கள், அங்கேயும் கோணல் இருந்தால் முடிந்தது கதை.

வரம்பில் சின்னச் சின்ன இடிகள், பள்ளங்கள் இருந்தால் கவலைப்படாதீர்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டி எண்ணிய காசு அது. ஒரு ரூபாய் நூறு ஆண்டில் எத்தனை பேர் கையிலிருந்து விழுந்திருக்கும்! பெரிய இடி ஒன்று இருந்தால் மட்டும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். பழைய கம்பெனி காலத்து ரூபாய்களில் சராப்புகள், அதாவது காசு மாற்றிக்கொடுப்பவர்கள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சின்ன முத்திரைகள் இருக்கும். அதையும் சேதம் என்றுதான் விலையில் பார்ப்பார்கள். எனக்கென்னவோ அவை பிடிக்கும். யாரோ ஒருவர் நம்பாமல் குத்திப் பார்த்து, பிறகு நம்பி வாங்கிய அடையாளம் அல்லவா.

ஒற்றை விளக்கில் சாய்த்துப் பாருங்கள்

இனி முக்கியமான வேலை. அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பரவுவதால் கீறல்களை மறைத்துவிடும். ஏலப் படங்களும் இப்படிப் பரவிய வெளிச்சத்தில்தான் எடுக்கப்படுகின்றன. ஒரே ஒரு மேசை விளக்கு போதும். நாணயத்தை விளக்குக்கு ஒரு சாண் கீழே பிடித்து, முன்னும் பின்னும் சாயுங்கள், அப்படியே மெதுவாகச் சுழற்றுங்கள்.

கை படாத நாணயமாக இருந்தால் ஒரு வேடிக்கை தெரியும். வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலிருந்து விளிம்புவரை பட்டையாக விழுந்து, நீங்கள் சாய்க்கச் சாய்க்கச் சுழலும். அச்சு இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து வெளிப்பக்கம் வழிந்து ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத வரிகள்தான் ஒளியை இப்படித் திருப்புகின்றன. இதை அசல் ஒளி என்று நான் சொல்வேன். வியாபாரிகள் ‘லஸ்டர்’ என்பார்கள். தேய்ந்தாலும் போய்விடும், தேய்த்தாலும் போய்விடும். போனால் திரும்பாது. எந்தப் பொடியாலும் அதை மீண்டும் கொண்டுவர முடியாது.

தேய்த்த நாணயத்தின் மினுக்கு வேறு மாதிரி. எவர்சில்வர் டம்ளர் போல எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பளபளக்கும், சாய்த்தால் எதுவும் சுழலாது. லென்ஸில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடும், அல்லது விபூதி போட்டுத் தேய்த்த கை போன வழியில் வட்டமாக ஓடும். எழுத்துகளுக்கு நடுவில், துணி நுழையாத மூலைகளில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். புளி, பற்பசை, கோல்கேட் பொடி என்று எதைப் போட்டிருந்தாலும் அடையாளம் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோடு தெரிந்ததும் ‘தேய்த்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டாதீர்கள். நாணயச் சாலையிலேயே அச்சுக்கட்டையை மெருகேற்றும்போது அதில் கீறல் விழும். அந்த அச்சில் அடித்த காசில் அந்தக் கீறல் மேடாக, புடைத்து வரும். இந்தக் கோடுகள் தளத்தில் மட்டும்தான் இருக்கும். எழுத்தைத் தொடும் இடத்தில் நின்றுவிடும், எழுத்தின் முதுகில் ஏறாது. பின்னால் யாரோ தேய்த்த கீறலோ பள்ளமாக இருக்கும். எழுத்தின் மேலும் ஏறி இறங்கிப் போகும். மேடா பள்ளமா என்று கண் பழகக் கொஞ்சம் நாளாகும். வீட்டிலிருக்கும் சாதாரண ஐந்து ரூபாயில் பழகுங்கள். ஒன்றை விபூதி போட்டுத் தேய்த்து, இன்னொன்றைத் தேய்க்காமல், இரண்டையும் விளக்கில் சாய்த்துப் பாருங்கள். பத்து ரூபாய்ச் செலவில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அமிலத்தில் முக்கியெடுத்தவை இன்னும் தந்திரமானவை. கீறல் இருக்காது. கறுப்பு முழுக்கப் போய், நூறு வயசு வெள்ளி நேற்று அடித்தது போல வெள்ளைவெளேரென்று இருக்கும். ஒருமுறை சட்டென்று முக்கி எடுத்திருந்தால் ஓரளவு ஒளி மிஞ்சும். பலமுறை முக்கியிருந்தால் மேல் படலம் அரிக்கப்பட்டு, வெளுத்துச் சாயம்போன வேட்டி மாதிரி உயிரில்லாமல் கிடக்கும். மேடான இடங்கள் தேய்ந்திருந்தும் நாணயம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அது நிச்சயம் குளித்து வந்ததுதான். தேய்ந்த வெள்ளி இயல்பாக அப்படி இருக்காது.

கண்ணாடி போல முகம் தெரிகிற தளம் இருந்தாலும் குதிக்க வேண்டாம். சேகரிப்பவர்களுக்காகப் பழைய அச்சுகளைக் கொண்டு பிற்பாடு அடித்துக் கொடுத்த மறு அச்சு நாணயங்கள் உண்டு. அவையும் விலையுள்ளவைதான், ஆனால் வேறு கணக்கு.

கறுப்பும் பச்சையும்

வெள்ளி கறுப்பது காற்றிலிருக்கும் கந்தகத்தால். மெதுவாக, பல ஆண்டுகளில் படிந்த நிறம் ஓரத்தில் அடர்ந்து நடுவை நோக்கி இளகும். பொன் மஞ்சள், பழுப்பு, நீலம் என்று ஒன்றில் ஒன்று கரையும். அடியில் அந்த ஆரக்கால் ஒளி தெரியும். இப்படிப்பட்டதற்கு ஏலத்தில் கூடுதலாகவே கேட்பார்கள். ரசாயனம் பூசியோ சூடுகாட்டியோ வரவழைத்த நிறம் அடுக்கில்லாமல், பெட்ரோல் சிந்திய தண்ணீர் போல் அப்பிக் கிடக்கும். கீறலுக்குள்ளும் நிறம் இறங்கியிருக்கும். தேய்த்த கீறலை மறைக்கத்தான் பல சமயம் இந்த நிறம்.

பச்சையாகப் பிசுபிசுத்தால் அது பழைய பிவிசி உறையின் வேலை. மென்மையான பிளாஸ்டிக் உறை நாளாக நாளாக இளகி, வெளிவரும் பசை நாணயத்தை அரிக்கிறது. ஆரம்ப நிலையென்றால் சுத்தமான அசிட்டோனில் முக்கி வைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிட்டால் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். நான் புதியவருக்கு அனுமதிக்கிற ஒரே ‘சுத்தம்’ இதுதான்.

இப்போது தேய்மானம்

கையோடு கை மாறும்போது முதலில் தேய்வது மேடு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மேடுகள் இவை: புருவம், காதை ஒட்டிய முடி, காதின் மேல் வளைவு, மீசை தாடி, கிரீடத்தின் முத்துகள், அப்புறம் அங்கியில் தொங்கும் மாலையில் இருக்கும் குட்டி யானை. பூப் பக்கத்தில் வட்டத்தைச் சுற்றியிருக்கும் பூக்களும் கீழே இருக்கும் தாமரையும்.

அந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911இல் முதன்முதலாக வந்தபோது தும்பிக்கையும் காலும் குட்டையாக இருந்ததால் பார்த்தவர்களுக்குப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வர, நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். ஆகவே 1911 என்றால் அந்த யானை தெளிவாகத் தெரிவதற்கே தனி மதிப்பு. மற்ற ஆண்டுகளிலும் தரம் பார்க்க நான் முதலில் லென்ஸ் வைக்கும் இடம் யானைதான்.

ஏலத்தில் புழங்கும் தரப் பெயர்களை இந்த மேடுகளோடு பொருத்திப் பாருங்கள். யானை வெறும் மேடாகி, புருவமும் முடியும் தனித்துத் தெரியாமல், ஆனால் எழுத்தும் கிரீடமும் முழுசாக இருந்தால் ‘ஃபைன்’. முடிக்கற்றைகள் பாதி பிரிந்து தெரிந்து, யானை யானை என்று அடையாளம் தெரிந்தால் ‘விஎஃப்’. உச்சி மேடுகளில் மட்டும் லேசாக மழுங்கி, மற்ற வேலைப்பாடெல்லாம் கூர்மையாக, எழுத்துகளின் இடுக்குகளில் கொஞ்சம் அசல் ஒளி மிஞ்சியிருந்தால் ‘எக்ஸ்எஃப்’. புருவத்திலும் காதிலும் ஒரு சாம்பல் பூச்சு மட்டும், மற்றபடி ஒளி தளம் முழுக்க இருந்தால் ‘ஏயு’. தேய்மானமே இல்லையென்றால் ‘யுஎன்சி’. யுஎன்சியில்கூட நாணயங்கள் ஒன்றோடொன்று மோதிய சின்னத் தழும்புகள் இருக்கலாம். அது மூட்டைக்குள் நடந்தது, புழக்கம் இல்லை.

ஏயுவையும் யுஎன்சியையும் பிரிப்பதில்தான் பணம் அதிகம் புரள்கிறது, சண்டையும் அதிகம். வழி மறுபடியும் விளக்குதான். ஆரக்கால் ஒளியைச் சுழலவிட்டு, அது கன்னத்தின் மேலும் புருவத்தின் மேலும் ஏறும்போது உடைகிறதா என்று பாருங்கள். தடையில்லாமல் ஏறி இறங்கினால் யுஎன்சி. மேட்டில் மட்டும் மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏயு.

சில நாணயங்களில் அச்சே சரியாக இறங்கியிருக்காது. தேய்ந்த அச்சிலும் அவசரத்திலும் அடித்தவை முடி விவரம் இல்லாமலேயே பிறந்திருக்கும். 1918ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் இந்தியாவுக்கு வெள்ளி போதாமல், அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்திய ரூபாய்க்காக வந்தது. அந்த ஓர் ஆண்டில் கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கும் மேலான ரூபாய்களை அடித்தன. அத்தனையிலும் யானைக்கு நகமும் தந்தமும் எதிர்பார்க்க முடியுமா? அச்சு இறங்காத இடத்தில் மேடு மழுங்கியிருந்தாலும் ஒளி மங்காமல் இருக்கும். தேய்ந்த இடம் வழவழப்பாகி ஒளியிழந்திருக்கும். இரண்டையும் பிரிக்க இதுவே போதும்.

அத்தனை அடித்ததால்தான் 1917, 1918 ரூபாய்கள் யுஎன்சியில்கூடத் தாராளமாகக் கிடைக்கின்றன. அப்படியிருக்க, அந்த ஆண்டுகளில் சுமாரான விஎஃப்பை நல்ல விலை கொடுத்து எடுப்பதில் அர்த்தமில்லை. அது ஏறக்குறைய வெள்ளி விலைக்கே வர வேண்டும். 1921, 1922 போன்ற குறைவான ஆண்டுகளில் விஎஃப் கிடைத்தாலும் சந்தோஷப்படலாம். ஒரே தேய்மானம், ஆண்டைப் பொறுத்து வேறு மதிப்பு.

தாமரைக்குக் கீழே லென்ஸில் பாருங்கள். மேடாக ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. (சென்னைத் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த மதராஸ் நாணயச் சாலை 1869லேயே மூடப்பட்டுவிட்டதால் ஜார்ஜ் ரூபாயில் அதைத் தேட வேண்டாம்.) தரத்துக்கும் புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதிகம் தேய்ந்ததில் புள்ளி அழிந்திருக்கலாம், கல்கத்தா என்று தவறாக விற்கப்படலாம். விக்டோரியாவின் 1862 ரூபாயில் இது இன்னும் முக்கியம். 1874 வரை அடித்ததிலும் அதே 1862 தான் போட்டார்கள். பின்னால் வந்தவற்றைப் பிரித்துக் காட்டுவது சின்னச் சின்னப் புள்ளிகள்தான்.

தலைப் பக்கம் ஒரு தரம், பூப் பக்கம் ஒரு தரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்துச் சொல்லும்போது குறைந்ததைச் சொல்லுங்கள். முக்கியமாக, பட்டியலில் என்ன போட்டிருந்தார்கள் என்பதை உங்கள் தரத்தை எழுதிய பிறகுதான் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்தால் கண் அதற்கு ஒத்துப் பாடும்.

பெட்டிக்குள் அடைத்து வந்தால்

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தரம் பார்த்து, கடினமான பிளாஸ்டிக் பெட்டியில் மூடி எண் போட்டுக் கொடுக்கின்றன. இதை ‘ஸ்லாப்’ என்பார்கள். 70 வரை போகும் அந்த எண் முறை, வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் அந்நாட்டுப் பழைய செம்புக் காசுகளுக்காக வகுத்தது. 60இலிருந்து மேலே போனால் யுஎன்சி, 50களில் ஏயு, 40, 45 எக்ஸ்எஃப். எண்ணுக்குப் பதிலாக ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதியிருந்தால் நாணயத்தில் ஏதோ சேதம் இருக்கிறது, அதனால் எண் தரவில்லை என்று பொருள். ஏலத்தில் இந்தச் சொல்லைக் கவனிக்காமல் கையைத் தூக்கியவர்கள் நிறைய.

பெட்டியைப் போலியாகவும் செய்கிறார்கள். சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையிலிருக்கும் நாணயமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே தழும்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியை மட்டும் உடைத்துவிடாதீர்கள், திருப்பித் தரும் வாய்ப்பு அதோடு போய்விடும்.

திருப்பி அனுப்புவதா?

ஏல நிறுவனத்தின் நிபந்தனைகளைப் படிப்பது சலிப்பான வேலைதான். ஆனால் ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரு வரி அதில் இருந்தால் தரம் குறைவு என்று திருப்ப முடியாது. போலி என்று நிரூபித்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். மேலே சொன்ன எல்லாவற்றையும் நாணயம் வந்த அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

எழுதும்போது கோபத்தைக் காட்டாமல் விவரத்தைக் காட்டுங்கள். ‘நாணயம் சரியில்லை’ என்று எழுதினால் பதில் வராது. ‘பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பு வரிகள் அராவப்பட்டுள்ளன, பட்டியலில் இது குறிப்பிடப்படவில்லை, படம் இணைத்துள்ளேன்’ என்று எழுதினால் பெரும்பாலும் பேச முன்வருவார்கள். தரம் அரைப்படி முன்னே பின்னே இருந்தால் நான் சண்டை போடுவதில்லை, அது அபிப்பிராயம். மறைத்த சேதத்துக்கு விடுவதுமில்லை.

உங்கள் கணக்கில் நாணயத்தின் விலை ஏலத்தில் விழுந்த விலை அல்ல. அதற்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், வரி, கூரியர் எல்லாம் சேர்ந்ததுதான். தரத்துக்கு ஏற்ற விலையா என்று அந்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

வைத்திருப்பது

மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டரோ கடினமான காப்ஸ்யூலோ வாங்கிப் போடுங்கள். அட்டையை ஸ்டேப்ளர் அடித்தால் ஊசியின் முனைகளைக் குறட்டால் தட்டையாக நசுக்கிவிடுங்கள், பக்கத்து நாணயத்தைக் கீறாமலிருக்க. ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே வரக் கூடாது, அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கோடு போட்டாற்போல் கறுப்பாக்கும். கடலோர ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

அட்டையின் பின்புறம் நீங்கள் பார்த்த எடை, தரம், குறை, ஏலத் தேதி, கொடுத்த மொத்தத் தொகை எல்லாவற்றையும் நாணயத்தை உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். வைத்த பிறகு எழுதினால் பேனாவின் அழுத்தம் நாணயத்தில் பதியலாம். பில்லையும் பத்திரமாக வையுங்கள். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடுகிறது, அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து வரும் மைத்துனர் உங்கள் 1918ஐப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டால், இங்கேயே உட்கார்ந்து விளக்கில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.